‘ஸார்ட் பண்ணுங்க’ன்னு சொன்னா, ‘எதன்படி?’ன்னு கேளுங்க!

திங்கட்கிழமை காலை. பெங்களூரில் ஓர் அலுவலகம். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஓர் இளைஞர். சொந்த ஊர் நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கும் ஜேடர்பாளையம் என்று வைத்துக்கொள்வோம். மேலாளரிடமிருந்து ஒரே ஒரு வரியில் மெயில் வருகிறது: ‘ப்ளீஸ் ஸார்ட் திஸ் லிஸ்ட் அண்ட் சென்ட் இட் பேக்.’ இணைப்பில் வாடிக்கையாளர் பட்டியல்.

இளைஞர் பெயர்களை ஏ-யிலிருந்து இசட் வரை வரிசைப்படுத்தி அனுப்புகிறார். ‘இப்படி இல்லை’ என்று பதில் வருகிறது. பாக்கித் தொகை பெரியது மேலே, சிறியது கீழே என்று மாற்றி அனுப்புகிறார். அதுவும் இல்லை. மேலாளர் கேட்டது வேறு. எந்த வாடிக்கையாளர் எந்த மாநிலம் என்று தனித்தனியாகப் பிரித்துத் தர வேண்டுமாம். மதியம் ஆகிவிட்டது. அடுத்த இருக்கையில் இருப்பவர் முகத்தைப் பார்க்கக்கூடக் கூச்சம். இளைஞர் மனதில் ஓடுவது ஒன்றுதான்: ‘நமக்கு இங்கிலீஷ் வரல.’

இந்த முடிவு தவறு. அவருக்கு ஆங்கிலம் வரவில்லை என்பது பிரச்சினையே இல்லை. வந்த மெயிலில்தான் பாதி வாக்கியம் காணவில்லை. ‘ஸார்ட்’ என்ற வினைச்சொல் தனியாக நிற்காது. ‘எதன்படி?’ அல்லது ‘எந்தெந்தப் பிரிவாக?’ என்ற இரண்டு கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் கூடவே வர வேண்டும். அந்தப் பதில் இல்லாதபோது திருப்பிக் கேட்பது அறியாமை அல்ல. அந்த வினைச்சொல்லை உண்மையில் தெரிந்தவர்தான் அப்படிக் கேட்பார்.

காதில் ஒன்று, கண்ணில் ஒன்று

நம்மில் பலருக்கு இந்தச் சொல் இரண்டு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. காது வழியாக வந்தது ‘ஸார்ட் அவுட்’. ‘விடுங்க ப்ரோ, பேசி ஸார்ட் அவுட் பண்ணிக்கலாம்’ என்று கல்லூரி விடுதியிலும் அலுவலக கேன்டீனிலும் தினமும் கேட்கிறோம். இங்கே பொருள் சிக்கலைத் தீர்ப்பது. கண் வழியாக வந்தது எக்ஸெல் மென்பொருளில் இருக்கும் ‘ஸார்ட்’ பொத்தான். அங்கே பொருள் வரிசைப்படுத்துவது. இரண்டும் ஒரே சொல் என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அதனால் இரண்டையும் வெவ்வேறு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம்.

உச்சரிப்பும் உதவி செய்வதில்லை. இதைத் தமிழில் ‘சார்ட்’ என்று எழுதினால் சுவரில் மாட்டும் சார்ட்டாகிவிடும். பேசும்போது ‘ஷார்ட்’ என்று காதில் விழுந்தால் இன்னும் சிக்கல். ‘ஸார்ட் தி லிஸ்ட்’ என்றால் பட்டியல் முழுவதும் இருக்கும், ஒழுங்கு மட்டும் மாறும். ‘ஷார்ட்லிஸ்ட்’ என்றால் சிலரைத் தேர்ந்தெடுத்து மற்றவர்களை விட்டுவிட வேண்டும். ஒரு எழுத்து மாறினால், பட்டியலில் இருந்தவர்கள் காணாமல் போவார்கள். நேர்காணல் பட்டியல் தயாரிக்கும் ஹெச்.ஆர். பிரிவில் இது சின்ன வித்தியாசம் அல்ல.

அகராதியைத் திறந்தாலும் தெளிவு வராது. ‘வகைப்படுத்து, பிரித்தெடு, வரிசைப்படுத்து’ என்று மூன்று சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மூன்றும் மூன்று வேலை. எது எப்போது என்று அந்த வரி சொல்லாது.

ஜேடர்பாளையத்துக்கு இது தெரியாததா?

வேடிக்கை என்னவென்றால், ஜேடர்பாளையத்தில் வளர்ந்த ஒருவருக்கு இந்த வேலை பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரியும்.

படுகை அணையில் பிரியும் ராஜவாய்க்கால் தண்ணீர் பாயும் பரமத்தி வேலூர் பகுதி முழுக்க வெற்றிலை, வாழை, கரும்பு. வெற்றிலையை எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்கொடி தனி, கற்பூரி தனி. இளம்பயிர் தனி, முதிகால் தனி. ‘இத அதோட சேர்த்துப் போட்டுறாத கண்ணு’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, வகை பிரிப்பது என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஆங்கிலத்தில் இதுதான் ‘ஸார்ட் இன்டு’. குவியல் ஒன்று, பிரிவுகள் பல. பிரிவுகளுக்குள் முதலாவது, இரண்டாவது என்ற பேச்சே இல்லை.

பிரித்தபின் வெற்றிலையை எண்ணி அடுக்குகிறார்கள். 100 வெற்றிலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை என்பது வேலூர் சந்தைக் கணக்கு. இந்த அடுக்கும் வேலை ‘ஸார்ட்’ அல்ல. ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ‘ஸ்டேக்’. பார்க்க ஒழுங்காக, இடம் பார்த்து வைத்தால் ‘அரேஞ்ச்’.

அடுத்து வெல்லம். இந்தச் சுற்றுவட்டாரக் கரும்பு ஆலைகளில் காய்ச்சும் வெல்லம் பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போகிறது. உருண்டை வெல்லம், அச்சு வெல்லம் என்று பிரிப்பது வகை. ‘ஸார்ட் இன்டு’ அங்கே பொருந்தும். ஒரே உருண்டை வெல்லத்தில் நிறம், பதம் பார்த்து ‘இது உசத்தி, இது அதுக்கு அடுத்தது’ என்று 30 கிலோ சிப்பத்துக்கு விலை சொல்வது வேறு வேலை. அது தரம் பார்ப்பது. ஆங்கிலத்தில் ‘கிரேடு’. நாமக்கல் கோழிப் பண்ணைகளில் முட்டையை எடை பார்த்துப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரிப்பதும் இதே கிரேடுதான்.

திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளில் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ‘லைன் அப்’. வாய்க்காலில் இன்றைக்கு உங்கள் வயல், நாளைக்கு எங்கள் வயல் என்று முறை வைத்துத் தண்ணீர் விட்டால் ‘டேக்கிங் டர்ன்ஸ்’. வகுப்பில் மார்க் பார்த்து முதல், இரண்டு, மூன்று என்று போட்டால் ‘ரேங்க்’. அலமாரியைச் சுத்தம் செய்து எதை எங்கே வைப்பது என்று ஒரு ஏற்பாட்டுக்குக் கொண்டுவந்தால் ‘ஆர்கனைஸ்’.

ஆக, தமிழில் பிரி, தரம் பார், அடுக்கு, நிறுத்து, முறை வை, வரிசைப்படுத்து, ஒழுங்குபடுத்து என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சொல் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கிறது. ஒன்றுக்கு நேராக மற்றொன்றை நிறுத்திப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை. அவ்வளவுதான் குறை.

‘அரேஞ்ச்’ நமக்கு வேறு மாதிரி வந்தது

இந்தச் சொற்களில் ‘அரேஞ்ச்’ தனிக் கதை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல், முதலில் போர்ப்படையை அணிவகுத்து நிறுத்துவதைக் குறித்தது. பிறகுதான் பொருள்களை ஒழுங்காக வைப்பது, பிறகு ஏற்பாடு செய்வது என்று விரிந்தது. தமிழ்ப் பேச்சுக்குள் வரும்போது அது கடைசிப் பொருளோடுதான் வந்தது. ‘கார் அரேஞ்ச் பண்ணிடுங்க’, ‘ரூம் அரேஞ்ச் ஆயிடுச்சு’, ‘அரேஞ்ச்டு மேரேஜ்தான்’. எல்லாமே ஏற்பாடு.

அதனால் ‘அரேஞ்ச் தி சேர்ஸ்’ என்று ஒருவர் சொன்னால் நமக்கு இரண்டு சந்தேகம் வருவது இயல்பு. நாற்காலிகளை எங்கிருந்தாவது வரவழைக்க வேண்டுமா, இருப்பதை வரிசையாகப் போட வேண்டுமா? ஆங்கிலத்தில் பொதுவாக வரவழைப்பதற்கு ‘அரேஞ்ச் ஃபார் சேர்ஸ்’ என்று ஒரு ‘ஃபார்’ சேரும். இருப்பதைப் போடுவதற்கு ‘ஃபார்’ வேண்டாம். மூன்றெழுத்துச் சொல் ஒன்று, கல்யாண மண்டபத்தில் நாற்காலி இருக்குமா இருக்காதா என்பதையே முடிவு செய்கிறது.

ஆங்கிலேயருக்கும் இதே குழப்பம்தான்

‘ஸார்ட்’ என்பதன் வேர் லத்தீனில் ‘சீட்டுக் குலுக்கல்’ என்ற பொருள் தரும் சொல். யாருக்கு எந்தப் பங்கு என்று ஒதுக்குவதிலிருந்து, எது எந்த வகை என்று பிரிப்பதாக அது மாறியது. வரிசைப்படுத்துதல் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

இதைப் பற்றி யோசித்து எழுதியவர் கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத். கணினி நிரலாளர்கள் வேதம்போல் கருதும் அவருடைய ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ நூல் வரிசையில், 1973-ல் வந்த மூன்றாம் தொகுதியின் பெயரே ‘ஸார்ட்டிங் அண்ட் சர்ச்சிங்’. அந்தத் தொகுதியின் தொடக்கத்திலேயே அவர் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார். அகராதிப்படி பார்த்தால் ‘ஸார்ட்’ என்பது வகை வகையாகப் பிரிப்பது. நிரலாளர்கள் அதை ஏறுவரிசை, இறங்குவரிசையில் வைப்பதற்குப் பயன்படுத்துகிறார்கள். ‘ஆர்டர்’ என்று சொல்லலாம் என்றால், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட பொருள். கட்டளையும் ஆர்டர்தான், ஹோட்டலில் கேட்பதும் ஆர்டர்தான். வேறு பெயர் வைக்கலாம் என்ற யோசனைகளும் இருந்தன. கடைசியில் ‘ஸார்ட்’ என்பதே நிலைத்துவிட்டது.

அதாவது, துறையின் மிகப் பெரிய ஆசிரியரே நின்று விளக்க வேண்டியிருந்த ஒரு சொல்லுக்கு, முதல் வேலையில் சேர்ந்த ஒருவர் தடுமாறினால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பழைய பொருள் இன்னும் நம் பக்கத்திலேயே உயிரோடு இருக்கிறது, தபால் துறையில். எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படித்தவர்களுக்கு ‘ஸார்ட்டிங் அசிஸ்டென்ட்’ என்ற பதவியின் பெயர் பழக்கம். அந்த ஊழியர் கடிதங்களைப் பெரியது சிறியது என்றோ, அகர வரிசைப்படியோ வைப்பதில்லை. எந்தக் கடிதம் எந்த ஊருக்கு என்று பிரிக்கிறார். 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான பின்கோடு முறையே இந்தப் பிரிப்புக்காக உருவானதுதான். ஆறு இலக்கத்தில் முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் இருக்கும் பகுதி. முதல் மூன்று இலக்கம் சேர்ந்தால் எந்த ஊரில் பிரிக்க வேண்டும் என்று தெரியும். ஆங்கிலத்தில் அதன் பெயரே ‘ஸார்ட்டிங் டிஸ்ட்ரிக்ட்’. சேலம் என்றால் 636, நாமக்கல் என்றால் 637. கடைசி மூன்று இலக்கம் எந்தத் தபால் நிலையம் என்று சொல்லும்.

ஹாரி பாட்டர் ரசிகர்களுக்கு இன்னும் எளிது. பிள்ளைகளின் தலையில் வைக்கும் ‘ஸார்ட்டிங் ஹேட்’ என்ற தொப்பி யாரையும் முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்துவதில்லை. நான்கு இல்லங்களாகப் பிரிக்கிறது. பெங்களூர் மேலாளர் கேட்டதும் இந்தத் தொப்பி வேலையைத்தான். இளைஞர் செய்தது எக்ஸெல் வேலை. இரண்டுமே சரியான ஆங்கிலம்.

தமிழும் இந்த வழியாக வந்ததுதான்

இது ஏதோ வெள்ளைக்காரர் பிரச்சினை என்றும் தள்ளிவிட முடியாது. சொற்களைத் தொகுக்கும் வேலையில் தமிழும் பிரிப்பதிலிருந்துதான் வரிசைப்படுத்துவதற்கு வந்தது. பழைய நிகண்டான திவாகரத்தைத் திறந்தால் தெய்வப் பெயர்த் தொகுதி, மக்கட் பெயர்த் தொகுதி, விலங்கின் பெயர்த் தொகுதி என்று பொருள்வாரியாகப் பிரித்திருப்பார்கள். மனப்பாடம் செய்து படித்த காலத்துக்கு அது பொருத்தம். ஒரு சொல்லைத் தேடி எடுக்க வேண்டும் என்றால் கஷ்டம்.

1594-ல் சிதம்பர ரேவண சித்தர் ‘அகராதி நிகண்டு’ என்ற நூலில் சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்தார். 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதியில் அந்த முறையை இன்னும் விரிவாக எடுத்துச் சென்றார். அகரத்தை ஆதியாகக் கொண்டது என்ற பெயரே இன்று நூலின் பெயராகிவிட்டது. அகராதி என்று சொல்லும்போதெல்லாம் நாம் ‘எதன்படி?’ என்ற கேள்விக்குப் பதிலைச் சேர்த்தே சொல்கிறோம். அகரத்தின்படி.

ஆங்கிலேயருக்கும் இது எளிதாக வரவில்லை. 1604-ல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட முதல் ஆங்கில-ஆங்கில அகராதியில், அகர வரிசையில் சொல்லை எப்படித் தேடுவது என்று வாசகருக்கு முன்னுரையில் விளக்க வேண்டியிருந்தது. இன்று நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிவது, அன்று பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய புது வித்தை.

ஜேடர்பாளையம் எத்தனாவது ஊர்?

‘எதன்படி?’ என்ற கேள்வி ஏன் முக்கியம் என்பதை ஒரு சின்னச் சோதனையில் பார்க்கலாம். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஏழு ஊர்கள்: சேலம், ஜேடர்பாளையம், திருச்செங்கோடு, நாமக்கல், பரமத்தி வேலூர், மோகனூர், ராசிபுரம். இதை அகர வரிசையில் ‘ஸார்ட்’ செய்யுங்கள். ஜேடர்பாளையம் எத்தனாவதாக வரும்?

ஆங்கில எழுத்தில் எழுதி வரிசைப்படுத்தினால் முதலாவது. அங்கே ‘ஜே’ என்ற எழுத்துக்கு முன்னால் இந்தப் பட்டியலில் வேறு ஊர் இல்லை.

தமிழ் எழுத்தில் எழுதி, வெறும் யூனிகோடு எண்ணின்படி வரிசைப்படுத்தினால் இரண்டாவது. பைத்தான் மொழியில் சாதாரணமாக ‘ஸார்ட்டட்’ கட்டளை கொடுத்தால் இதுதான் வரும். யூனிகோடின் இந்திய எழுத்து அடுக்குகள் தேவநாகரி வரிசையை ஒட்டி அமைந்தவை. அதனால் ‘ஜ’ என்ற எழுத்து ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவே இடம் பிடித்துவிட்டது.

தமிழ் மரபின் 18 மெய்களையும் முடித்துவிட்டுக் கிரந்த எழுத்துகளைக் கடைசியில் வைக்கும் வரிசையைப் பின்பற்றினால் ஏழாவது. பட்டியலின் கடைசி ஊர்.

கிரந்தமே வேண்டாம் என்று ‘சேடர்பாளையம்’ என எழுதினால் மறுபடி முதலாவது, சேலத்துக்கும் முன்னால். ‘ட’ என்ற எழுத்து ‘ல’வுக்கு முன்னால் வருகிறதல்லவா?

ஊர் ஒன்று. பட்டியல் ஒன்று. கொடுத்த கட்டளையும் ஒன்று. ‘எதன்படி?’ என்பது மட்டும் மாறியது. முதல் ஊர் கடைசி ஊராகிவிட்டது. நலத்திட்டப் பட்டியலோ காத்திருப்போர் பட்டியலோ மேலிருந்து கீழாகப் போகும் இடங்களில், எந்த வரிசை என்று முடிவு செய்பவர்தான் யாருக்கு முதலில் என்றும் முடிவு செய்கிறார். அதனால்தான் இது வெறும் இலக்கணக் கேள்வி அல்ல.

ஒரு கிளிக்கில் மார்க் மாறிப்போகும்

எக்ஸெல்லிலும் இதே கேள்விதான் வேறு உருவில் காத்திருக்கிறது. ஒரு பத்தியில் பெயர், அடுத்த பத்தியில் மார்க். பெயர்ப் பத்தியை மட்டும் தேர்வு செய்து ‘ஸார்ட்’ அழுத்தினால் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும். ‘எக்ஸ்பேண்ட் தி செலக்ஷன்’ என்று ஒரு வழி, ‘கன்டினியூ வித் தி கரன்ட் செலக்ஷன்’ என்று இன்னொரு வழி. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் பெயரோடு மார்க்கும் சேர்ந்து நகரும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் பெயர்கள் மட்டும் நகரும், மார்க் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருவரின் மார்க் இன்னொருவர் பெயருக்கு நேராகப் போய் உட்காரும். பார்ப்பதற்குப் பட்டியல் அழகாக, வரிசையாக இருக்கும். உள்ளே எல்லாமே தப்பு.

பெட்டியில் இருப்பது இரண்டே வரி ஆங்கிலம். ‘ஏதோ கேக்குது, ஓகே குடுத்துடுவோம்’ என்று பழகிய கை இரண்டாவது வழியைத் தொட்டுவிட்டால், சேமித்து மூடிய பிறகு சரிசெய்வது பெரும்பாடு. இன்னொரு பொறி: எண்கள் எழுத்தாகப் பதிவாகியிருந்தால் 1, 10, 100, 2 என்று வரிசை வரும். கணினி அகராதி பார்ப்பதுபோல் இடமிருந்து வலமாகப் பார்க்கிறது. இங்கேயும் கேள்வி அதேதான். எண்ணின்படியா, எழுத்தின்படியா?

‘இப்போதான் ஏ.ஐ. இருக்கே, அதுகிட்ட சொன்னா போதுமே’ என்று தோன்றலாம். சொல்லலாம். ஆனால் ‘ஸார்ட் திஸ்’ என்று மொட்டையாகச் சொன்னால், மனிதரைப் போல அதுவும் தானாக ஒன்றை ஊகித்துச் செய்யும். என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் கருவி உதவும்.

ஒட்டு மாறினால் வேலை மாறும்

‘ஸார்ட்’ கற்றுக்கொள்வது என்பது அதன் பின்னால் வரும் ஒட்டுச் சொற்களைக் கற்றுக்கொள்வதுதான். ஐந்து போதும்.

‘ஸார்ட் பை’: எதன்படி என்று சொல்வது. ‘ஸார்ட் தி மெயில்ஸ் பை டேட்’ என்றால் மெயில்களைத் தேதிவாரியாக வரிசைப்படுத்து.

‘ஸார்ட் இன்டு’: எத்தனை பிரிவு, எந்தெந்தப் பிரிவு என்று சொல்வது. ‘ஸார்ட் தி லீவ்ஸ் இன்டு டூ பைல்ஸ்’ என்றால் வெற்றிலையை இரண்டு குவியலாகப் பிரி.

‘ஸார்ட் ஃப்ரம்’: கலந்து கிடப்பதில் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிப்பது. நல்ல முட்டையையும் உடைந்த முட்டையையும் பிரிக்க இதுதான்.

‘ஸார்ட் த்ரூ’: குவியலைக் கிளறி, ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேடுவது. பழைய பத்திரங்களுக்குள் பட்டா நகலைத் தேடும் வேலை.

‘ஸார்ட் அவுட்’: சிக்கலைத் தீர்ப்பது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினைப் பேச்சு முதல் சம்பளக் குளறுபடி வரை இதற்குள் வரும். கலைந்து கிடப்பதை அதனதன் இடத்தில் வைத்தால் சிக்கல் தீரும் என்ற எண்ணம்தான் இதற்கும் அடியில் இருக்கிறது. காதில் விழுந்த ‘ஸார்ட் அவுட்’டும் கண்ணில் பட்ட எக்ஸெல் பொத்தானும் இங்கேதான் சந்திக்கின்றன.

நமக்கு இது புதிது என்று நினைக்க வேண்டாம். தமிழில் ‘தேதிவாரியாக’, ‘இரண்டாகப் பிரி’, ‘அதிலிருந்து பிரி’ என்று வாரியாக, ஆக, இருந்து ஆகியவற்றைப் பெயர்ச்சொல்லோடு ஒட்டுகிறோம். ஆங்கிலம் அதையே பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக வைக்கிறது. வேலை ஒன்றுதான், நிற்கும் இடம் வேறு.

பள்ளிக்கூடம் எங்கே தவறவிடுகிறது?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்த எல்லோருக்கும் ‘ரீஅரேஞ்ச்’ என்ற சொல் தெரியும். கலைந்து கிடக்கும் வாக்கியங்களைக் கதையின் போக்குக்கு ஏற்ப வரிசைப்படுத்தச் சொல்லி ஆங்கிலத் தேர்வில் கேட்பார்கள். மாணவர் எண்களை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மார்க்கும் வந்துவிடும்.

அந்தச் சொல்லை அவர் ஆயிரம் முறை பார்த்திருப்பார். தன் வாயால் ஒரு முறைகூடச் சொல்லியிருக்க மாட்டார். வினைச்சொல் அவருக்குக் கேள்வித்தாளில் கட்டளையாக மட்டுமே வந்திருக்கிறது. கட்டளைக்குக் கீழ்ப்படியத் தெரியும். அதே சொல்லை வைத்து ஒரு வேலையை விவரிக்கவோ, ஒரு சந்தேகத்தைக் கேட்கவோ பழக்கமில்லை. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கி, நேர்காணலில் ‘லீவுல என்ன பண்ணீங்க?’ என்று கேட்டால், ‘நத்திங் சார்’ என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். பண்ணையில் முட்டை பிரித்ததையும், சந்தைக்குச் சிப்பம் கட்டியதையும், தோட்டத்தில் வெற்றிலை அடுக்கியதையும் சொல்ல வாய் வரவில்லை. அது ‘வேலை’ என்று சொல்லத்தக்கது என்றே தோன்றவில்லை.

இதற்குப் புதுப் பாடப்புத்தகம் வேண்டாம். ஒரு பாட வேளை போதும். ஆசிரியர் மேசையில் ஒரு குவியலைக் கொட்டட்டும். பேனா, சில்லறை, பேருந்து டிக்கெட், வெற்றிலை, எதுவானாலும் சரி. ‘ஸார்ட் தெம்’ என்று மட்டும் சொல்லட்டும். ஒரு பிள்ளை நிறத்தின்படி பிரிக்கும், இன்னொன்று அளவின்படி வைக்கும். யார் செய்தது சரி என்று சண்டை வரும். அந்தச் சண்டையில் ஒரு பிள்ளையாவது எழுந்து ‘எதன்படி டீச்சர்?’ என்று கேட்கும். அங்கேதான் ‘பை’ என்ற இரண்டெழுத்தைக் கரும்பலகையில் எழுத வேண்டும். தேவை வந்த நேரத்தில் வந்த சொல் மறக்காது.

‘ஒரு வினைச்சொல்லுக்கு இவ்வளவா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆங்கிலம் தெரியாததால் யாருடைய அறிவும் குறைந்துவிடாது என்பதும் உண்மை. ஆனால் இன்றைய அலுவலகத்தில் கட்டளைகள் அந்த மொழியில்தான் வருகின்றன, அதுவும் அரைகுறையாக வருகின்றன. அரைகுறைக் கட்டளைக்கு முன்னால், சொந்தமாக இங்கிலீஷ் பேசி வளர்ந்தவர் தயங்காமல் திருப்பிக் கேட்கிறார். ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் தன்னைத்தானே சந்தேகப்பட்டு மூன்று முறை செய்து பார்க்கிறார். இருவருக்கும் இடையில் இருப்பது அறிவு வித்தியாசம் அல்ல, கேட்கும் துணிச்சல். அந்தத் துணிச்சல், கேள்வி சரியானது என்று தெரிந்தால் தானாக வரும்.

எனவே, அடுத்த முறை ‘ப்ளீஸ் ஸார்ட் திஸ்’ என்று மொட்டையாக ஒரு மெயில் வந்தால், உடனே எக்ஸெல்லைத் திறக்க வேண்டாம். இரண்டே வரியில் பதில் போடுங்கள்: ‘ஷுர். ஸார்ட் பை வாட்? ஆர் ஷுட் ஐ ஸ்ப்ளிட் இட் இன்டு குரூப்ஸ்?’

கேட்கிற கேள்வி புதிதும் இல்லை. வெற்றிலைக் கூடையை முன்னால் வைத்ததும், ஜேடர்பாளையத்துப் பிள்ளை முதலில் கேட்பதும் இதைத்தான்: ‘எப்படிப் பிரிக்கறதுங்க?’